ஆஸ்டமி, காயப் பராமரிப்புப் பொருட்களுக்கு மெடிகேர் பில்லிங்: ஆர்டர் முதல் டினயல் வரை

சின்ன உறையைக் கிழித்தால் உள்ளே ஈரமான ஒரு வைப் இருக்கும். தோலில் தடவியதும் மெல்லிய படலமாகக் காய்ந்துவிடும். ஆஸ்டமி அறுவைச் சிகிச்சையில், மலமோ சிறுநீரோ வெளியேற வயிற்றில் போடும் திறப்புதான் ஸ்டோமா. அதைச் சுற்றி, பை ஒட்டும் இடத்தில் தடவினால் வைப்பின் பில்லிங் கோடு ஏ5120. அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் பணம் தரும். அதே வைப்பைப் படுக்கைப்புண்ணின் ஓரத்தில் தடவினால் ஏ6250. ஒரு பைசா வராது. பெட்டி அதேதான், கம்பெனி அதேதான், நோயாளிகூட அதே ஆளாக இருக்கலாம். எதற்காகத் தடவினார்கள் என்ற ஒன்றில்தான் பணம் நிற்கிறது.

அமெரிக்க டிஎம்இ பில்லிங்கில், அதாவது வீட்டில் பயன்படும் மருத்துவக் கருவி, பொருட்களுக்கான பில்லிங்கில், இந்தப் பகுதிக்குப் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். சென்னையிலோ கோவையிலோ டாக்டர் பில்லிங் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு, "டயக்னோசிஸும் ப்ரொசீஜரும் பொருந்தினால் போதும்" என்ற பழக்கம் கையோடு வரும். இங்கே அது போதாது. சப்ளை பில்லிங்கில் முதல் கேள்வி "என்ன கோடு?" அல்ல, "எந்தச் சட்டப் பிரிவின் கீழ் இதற்குப் பணம்?" என்பது. கீழே சொல்வதெல்லாம் அமெரிக்காவின் ஒரிஜினல் மெடிகேர் பார்ட் பி விதிகள். குறைந்த வருமானத்தினருக்கான மெடிகெய்ட் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தனியார் இன்ஷூரன்ஸ்களில் பல மெடிகேரையே ஒட்டிப் போகும், சில போகாது.

படி 1: பொருள் எந்தப் பெட்டியில் விழுகிறது?

இந்தப் பொருட்களுக்கு இரண்டே பெட்டிகள்.

முதலாவது ப்ராஸ்தெடிக் டிவைஸ். கொலாஸ்டமி பை, அதாவது பெருங்குடல் திறப்பில் ஒட்டும் பை, இதில்தான் வருகிறது. செயலிழந்த உள்ளுறுப்பின் வேலையை அது செய்வதால். சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 1861-ஆம் பிரிவு, எஸ்-8. மலத்தையோ சிறுநீரையோ வெளியேற்ற அறுவைச் சிகிச்சையால் உருவாக்கிய திறப்பு இருக்க வேண்டும். எப்போது பணம் கிடைக்கும் என்று சொல்லும் கவரேஜ் விதிக்கு எல்சிடி என்று பெயர். இதற்கான எல்சிடி எண் எல்33828, உடன் வரும் பாலிசி ஆர்ட்டிக்கிள் ஏ52487.

இரண்டாவது சர்ஜிகல் டிரெஸ்ஸிங், எஸ்-5. எல்சிடி எல்33831, ஆர்ட்டிக்கிள் ஏ54563. "சர்ஜிகல்" என்ற சொல் அலங்காரமல்ல. காயம் அறுவைச் சிகிச்சையால் வந்ததாகவோ, அறுவைச் சிகிச்சையால் சரிசெய்யப்பட்டதாகவோ இருக்க வேண்டும். இல்லையென்றால் இறந்த திசுவை அகற்றும் டிப்ரைட்மென்ட் தேவைப்பட்ட காயமாக இருக்க வேண்டும். டிப்ரைட்மென்ட் என்றதும் கத்தியை மட்டும் நினைக்க வேண்டாம். கருவியால் செய்தது, என்சைம் மருந்தால் செய்தது, ஒட்டி மூடும் டிரெஸ்ஸிங் போட்டு உடலே இறந்த திசுவைக் கரைக்கும்படி விட்டது, எல்லாமே கணக்கில் வரும். ஆனால் எந்த வகை என்று குறிப்பில் எழுதியிருக்க வேண்டும்.

இந்த இரண்டு பெட்டியிலும் விழாத தோல் பராமரிப்புப் பொருளுக்கு மெடிகேரில் இடமே இல்லை. டயபர் உரசி வரும் தோல் அழற்சிக்கான ஜிங்க் க்ரீம், ஈரப்பதம் தரும் லோஷன், காய ஓரத்துக்கான ஸ்கின் சீலன்ட் எல்லாம் ஏ6250-க்குள் போய், கவரேஜ் இல்லாமல் நிற்கும். காயம் கழுவும் திரவம் ஏ6260; அதுவும் அப்படியே. காயத்தைத் துடைத்துவிட்டுத் தூக்கிப்போடும் காஸுக்கும் பணம் கிடையாது, ஏனென்றால் அது காயத்தின் மேல் தங்குவதில்லை. முதல் நிலைப் படுக்கைப்புண், முதல் டிகிரி தீக்காயம், தையலோ டிப்ரைட்மென்டோ தேவைப்படாத சிராய்ப்பு, தோல் கிழிசல் ஆகியவற்றுக்குப் போடும் டிரெஸ்ஸிங்கும் வெளியேதான். புண் வராமல் தடுக்க, இடுப்பின் பின்புற எலும்பான சேக்ரத்தின் மேல் ஒட்டும் ஃபோம் டிரெஸ்ஸிங் எவ்வளவு நல்ல மருத்துவமாக இருந்தாலும் இந்தப் பிரிவு அதைப் பார்க்காது.

படி 2: பொருளை அனுப்பும் முன் நோயாளி எங்கே இருக்கிறார் என்று பார்ப்பது

கோடு சரி, ஆர்டர் சரி, கிளைம் போய்ச் சேர்ந்தது, ஆனாலும் பணம் வரவில்லை என்றால் பாதி நேரம் காரணம் ஹோம் ஹெல்த். நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஹோம் ஹெல்த் திட்டத்தின் கீழ் நோயாளி இருக்கும் நாட்களில், ஆஸ்டமிப் பொருட்களும் டிரெஸ்ஸிங்குகளும் அந்த ஏஜென்சிக்கு மெடிகேர் தரும் மொத்தத் தொகைக்குள் அடக்கம். நர்ஸ் வருவது முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக, கொலாஸ்டமி பத்து வருஷப் பழசு என்றாலும் அடக்கம்தான். சப்ளையர் தனியாக பில் பண்ண முடியாது. மெடிகேரின் பார்ட் ஏ பணம் தரும் ஸ்கில்டு நர்சிங் ஃபெசிலிட்டித் தங்கலிலும் இதே கதை.

ஆகவே எலிஜிபிலிட்டியை மாதத் தொடக்கத்தில் ஒருமுறை பார்த்து வைத்தால் போதாது. பொருள் கிளம்பும் நாளில் பார்க்க வேண்டும். நோயாளியிடம் போனில், "வீட்டுக்கு நர்ஸ் யாராவது வருகிறார்களா?" என்று நேரடியாகக் கேட்பது இன்னும் நல்லது. சிஸ்டத்தில் ஹோம் ஹெல்த் பதிவு ஏறத் தாமதமாகும். நோயாளிக்கு இன்றைக்கே தெரியும்.

படி 3: ஆர்டரும் மருத்துவக் குறிப்பும்

2020 ஜனவரி 1 முதல் எல்லா டிஎம்இ பொருளுக்கும் ஒரே வகை ஆர்டர், ஸ்டாண்டர்ட் ரிட்டன் ஆர்டர். நோயாளியின் பெயர் அல்லது அவருடைய மெடிகேர் எண்ணான எம்பிஐ, ஆர்டர் தேதி, பொருளின் விவரம், தேவைப்படும் இடத்தில் எண்ணிக்கை, டாக்டரின் பெயர் அல்லது அவருடைய அடையாள எண்ணான என்பிஐ, கையெழுத்து என ஆறு விஷயம். கிளைம் போகும் முன் இது கையில் இருக்க வேண்டும். இல்லாமல் அனுப்ப வேண்டிய நிலை வந்தால் கோடோடு சேர்க்கும் குறியான மாடிஃபயரில் இஒய் போட வேண்டும், பணம் வராது.

டாக்டர் ஆபீசிலிருந்து "ஆஸ்டமி சப்ளைஸ், மாதந்தோறும்" என்று ஒரு வரியில் ஆர்டர் வரும். அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பொருளும் தனி வரியாக, தனி எண்ணிக்கையோடு வேண்டும். டிரெஸ்ஸிங் என்றால் வகை, அளவு, ஒரு முறைக்கு எத்தனை, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது, எவ்வளவு காலம் என்பதையும் கேட்டு வாங்குங்கள். புது டிரெஸ்ஸிங் சேர்ந்தாலோ இருப்பதன் எண்ணிக்கை கூடினாலோ புது ஆர்டர்.

ஆர்டர் மட்டும் ஆடிட்டில் காப்பாற்றாது. ஆஸ்டமிக்கு ஸ்டோமாவின் வகை, அதன் இடம், சுற்றுத் தோலின் நிலை குறிப்பில் தெரிய வேண்டும். எத்தனை பை தேவை என்பதைத் தீர்மானிப்பது இவைதான். டிரெஸ்ஸிங்குக்கு இன்னும் கடுமை. மாதம் ஒருமுறையாவது டாக்டரோ நர்ஸோ காயத்தைப் பார்த்து வகை, இடம், நீள அகலம், ஆழம், கசிவின் அளவு ஆகியவற்றைக் காயத்துக்குக் காயம் தனியாக எழுதியிருக்க வேண்டும். நர்சிங் ஹோமில் இருப்பவர், கசிவு மிக அதிகம், தொற்று உண்டு, இவற்றில் ஒன்று இருந்தாலே வாரம் ஒருமுறை. சப்ளையர் தானே அச்சடித்த படிவத்தில் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வைத்தால் அது மருத்துவக் குறிப்பாகாது.

படி 4: ஆஸ்டமி கோடு தேர்வு

இங்கே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது நான்கு: ஒரு துண்டா இரண்டு துண்டா, மூடிய பையா வடிக்கும் பையா, தோலில் ஒட்டும் தட்டு சமமா குவிந்ததா, சாதாரண ஒட்டா நீண்ட நாள் ஒட்டா.

ஒரு துண்டுப் பையில் தட்டு பையோடு சேர்ந்தே வரும். ஃபில்டரும் உள்ள வடிக்கும் ஒரு துண்டுப் பை ஏ4424. இதோடு ஏ4414 தட்டையும் பில் பண்ணியிருந்தால் அது தவறு. ஏற்கெனவே தட்டு உள்ளே இருக்கிறது. இரண்டு துண்டு என்றால் தட்டுக்கு ஒரு கோடு, பைக்கு ஒரு கோடு. சமமான சாதாரணத் தட்டு 4 × 4 அங்குலம் அல்லது அதற்குக் கீழ் என்றால் ஏ4414, அதைவிடப் பெரிது ஏ4415. நீண்ட நாள் ஒட்டும் குவிந்த தட்டு 4 × 4 வரை ஏ4407, பெரிது ஏ4408. நீண்ட நாள் ஒட்டும் சமத் தட்டு ஏ4409, பெரிது ஏ4410.

குவிவு என்பது தட்டின் உள்ளேயே, பெரும்பாலும் பிளாஸ்டிக் வைத்து வெளிப்புறமாக வளைத்திருப்பது. ஸ்டோமா தோல் மட்டத்துக்குக் கீழே பதுங்கியிருந்தால் அதை வெளியே தள்ளி ஒட்டை இறுக்கமாக்கும். சமத் தட்டோடு தனியாகச் செருகும் வளையம் ஏ5093. அதை வைத்து ஏ4407 போடக் கூடாது.

பையில் கவனிக்க வேண்டியது பூட்டு. தட்டும் பையும் சேரும் இடத்தில் பூட்டு இல்லை, ஃபில்டர் உண்டு, வடிக்கும் பை என்றால் ஏ4425. பூட்டு உண்டு, ஃபில்டர் இல்லை என்றால் ஏ4426. பூட்டும் ஃபில்டரும் உண்டு என்றால் ஏ4427. பொருளின் விலைப்பட்டியலில் கம்பெனியே ஒரு கோடு போட்டிருக்கும். அதை நம்பி உட்காராதீர்கள். மெடிகேருக்காகப் பொருட்களை வகைப்படுத்தும் பீடேக் அமைப்பின் பட்டியலில் மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வாயில் நுழையாத பெயருள்ள சீல், மோல்டபிள் ரிங் போன்றவற்றுக்கு அந்தப் பட்டியலைப் பார்க்காமல் கோடு எழுதுவது சூதாட்டம்.

ஒன்றாகக் கொடுக்கக் கூடாதவை சில உண்டு. திரவப் படலம் வேண்டுமென்றால் ஸ்ப்ரே அல்லது பாட்டில் ஏ4369, இல்லையென்றால் வைப் ஏ5120. இரண்டும் சேர்ந்து கிடையாது. சிறுநீர் ஸ்டோமாவுக்கு ராத்திரி வடிகாலாகப் பை ஏ4357 அல்லது பாட்டில் ஏ5102, ஒன்றுதான். பைக்கு மேல் மாட்டும் துணி உறை ஏ9270, கவரேஜ் இல்லை. பை மூடும் கிளாம்ப் ஏ4363 மாற்றாக வாங்கும்போது மட்டும்; பையோடு வரும் கிளாம்புக்குத் தனிப் பணம் இல்லை.

டயக்னோசிஸ் எளிது. சிறுகுடல் திறப்பான இலியாஸ்டமிக்கு இசட்93.2, கொலாஸ்டமி இசட்93.3, இலியல் கண்டூயிட் போன்ற சிறுநீர்த் திறப்புக்கு இசட்93.6. ஸ்டோமா சுற்றுத் தோல் கசிவால் வெந்து போயிருந்தால் எல்24.பி3 சேர்க்கலாம். எண்ணிக்கை வழக்கத்தைத் தாண்டும்போது அந்தக் கோடு வெறும் அலங்காரமாக இருக்காது. ஏன் தாண்டியது என்பதற்கு அது முதல் குரல்.

வழக்கமான மாத உச்சவரம்பில் அடிக்கடி கையில் வருபவை: வடிக்கும் பை 20, மூடிய பை 60, தட்டு ஏ4414 20, பேஸ்ட் 4 அவுன்ஸ், ஏ4369 2 அவுன்ஸ், பெல்ட் ஏ4367 1. ஆறு மாதக் கணக்கில் வருபவை வேறு: தோல் பவுடர் ஏ4371 10 அவுன்ஸ், வைப் ஏ5120 150. ஏ5120-ஐ மாதத்துக்கு 150 என்று நினைத்து அனுப்பும் தவறு சகஜம்.

படி 5: டிரெஸ்ஸிங் கோடு, அளவு, கசிவு

டிரெஸ்ஸிங் கோடு மூன்று விஷயத்தில் பிரியும்: பொருள், ஒட்டும் ஓரம் உண்டா, உள் பேடின் பரப்பு. பரப்பு மூன்று படி: 16 சதுர அங்குலம் வரை, 16-க்கு மேல் 48 வரை, 48-க்கு மேல். ஃபோம் ஓரமில்லாமல் ஏ6209, ஏ6210, ஏ6211. ஓரத்தோடு ஏ6212, ஏ6213, ஏ6214. ஆல்ஜினேட் ஏ6196, ஏ6197, ஏ6198. கயிறாக வருவது ஏ6199. ஹைட்ரோகொல்லாய்டு ஓரமில்லாமல் ஏ6234-இல் தொடங்கும், ஓரத்தோடு ஏ6237-இல். ஹைட்ரோஜெல் ஜெல் ஏ6248. ஒட்டும் தெளிவான ஃபிலிம் ஏ6257 முதல்.

பரப்பு என்றால் பேடின் பரப்பு, ஓரத்தையும் சேர்த்த முழு அளவு அல்ல. பெட்டியில் "6 × 6" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே உறிஞ்சும் பேடு 4 × 4 இருக்கும். நான்கு நான்கு பதினாறு, ஆகவே ஏ6212. ஆறு ஆறு முப்பத்தாறு என்று ஏ6213 போட்டால் அது அதிக விலைக்கு பில் பண்ணியதாகத்தான் ஆடிட்டர் கண்ணில் படும்.

காயத்தைவிடப் பேடு சுமார் 2 அங்குலம் பெரிதாக இருப்பது வழக்கம். 5 × 5 செ.மீ. காயம் என்றால் 2 × 2 அங்குலம். அதற்கு 4 × 4 பேடு. காயம் ஆறியபடி வரும்போது நர்ஸ் குறிப்பில் 2 × 1 செ.மீ. என்று சுருங்கியிருக்கும், ஆர்டரில் 48-க்கு மேற்பட்ட அளவே மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும். பில் பண்ணும் முன் கடைசிக் குறிப்பின் சென்டிமீட்டரைப் பாருங்கள்.

கசிவு இன்னொரு பொறி. ஆல்ஜினேட்டும் ஃபோமும் தோலின் முழு ஆழமும் போன, நடுத்தரம் முதல் அதிகம் வரை கசியும் காயத்துக்கு. "கசிவு மிகக் குறைவு" என்று நர்ஸ் எழுதிய மாதத்தில் இரண்டுமே ஆதாரம் இழந்துவிடும். இரண்டாம் நிலைப் படுக்கைப்புண்ணில் ஆழம் பாதிதான். அதற்கு ஃபோம் பில் பண்ணினால் கேள்வி வரும். லேசாகக் கசிந்தால் ஹைட்ரோகொல்லாய்டு, காய்ந்த காயத்துக்கு ஹைட்ரோஜெல் என்பது பொதுவான போக்கு. ஒரே காயத்தில் ஈரம் தரும் ஹைட்ரோஜெல்லும் ஈரம் உறிஞ்சும் ஆல்ஜினேட்டும் ஒன்றாக வந்தால், ஒன்று பெய்ய ஒன்று குடிக்கிறது. அதற்கு நியாயம் சொல்வது கஷ்டம்.

மாற்றும் தவணையும் இணைய வேண்டும். ஆல்ஜினேட் நாளுக்கு ஒருமுறை வரை போகலாம். ஃபோம், ஹைட்ரோகொல்லாய்டு, ஃபிலிம் வாரம் மூன்று முறை வரை. தினமும் மாற்றும் ஆல்ஜினேட்டின் மேல் ஃபோம் போட்டால் அதையும் தினமும் கிழித்துத்தானே ஆக வேண்டும்? அந்த மாதிரி ஜோடி வந்தால் டாக்டர் ஆபீசுக்கு ஒரு போன் போடுங்கள். மேலே காஸ் போட்டாலே போதுமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். ஓரமில்லாத காஸுக்கு நாளுக்கு மூன்று முறை வரை இடம் உண்டு. ஹைட்ரோஜெல் ஜெல் ஒரு காயத்துக்கு 30 நாளில் 3 அவுன்ஸ்.

வெள்ளி கலந்த டிரெஸ்ஸிங்குக்குத் தனிக் கோடு தேடி அலைய வேண்டாம். வெள்ளி ஆல்ஜினேட்டும் ஆல்ஜினேட்தான்.

படி 6: யூனிட் கணக்கு

பணம் ஒழுகும் இடம் இது. அலமாரியில் இருப்பது ட்யூபும் ரோலும் பெட்டியும். கோடு பேசுவது அவுன்ஸ், சதுர அங்குலம், ஒவ்வொன்று.

டேப்பை எடுத்துக்கொள்வோம். ஏ4450 சாதாரண டேப், ஏ4452 தண்ணீர் புகாத டேப். இரண்டுக்குமே ஒரு யூனிட் 18 சதுர அங்குலம். 1 அங்குல அகலம், 10 கஜ நீள ரோல் என்றால் நீளம் 360 அங்குலம். பரப்பு 360 சதுர அங்குலம். 18-ஆல் வகுத்தால் 20 யூனிட். ஒரு ரோலுக்கு "1" என்று போட்டால் 19 யூனிட் போச்சு. 2 அங்குல அகல ரோல் என்றால் ஒரே ரோலில் 40 யூனிட். ஆஸ்டமிக்கான மாத உச்சவரம்பும் அதே 40. "இரண்டு ரோல்" என்று சாதாரணமாக ஆர்டர் வந்தால் எண்ணிக்கை இரட்டிப்பாகத் தாண்டிவிடும்.

காயத்துக்கு டேப் என்றால் டிரெஸ்ஸிங் மாற்றும் ஒவ்வொரு முறைக்கும் கணக்கு: 16 சதுர அங்குலம் வரையான டிரெஸ்ஸிங்குக்கு 2 யூனிட், 48 வரை 3, அதற்கு மேல் 4. ஒட்டும் ஓரம் உள்ள டிரெஸ்ஸிங்குக்கு வழக்கமாக டேப்பே வேண்டாம்.

பேஸ்ட் ஏ4406, ஏ4405 அவுன்ஸ் கணக்கு. 2 அவுன்ஸ் ட்யூப் ஒன்று 2 யூனிட். பெக்டின் அடிப்படை ஏ4406, கராயா போன்ற மற்றது ஏ4405. ஆல்ஜினேட் கயிறு ஏ6199-க்கு 6 அங்குலம் ஒரு யூனிட். 12 அங்குலக் கயிறு 2 யூனிட், அதுவே ஒரு மாற்றத்துக்கு வழக்கமான உச்சம். வைப், பை, தட்டு ஆகியவை ஒவ்வொன்றாக, பெட்டியாக அல்ல.

படி 7: மாடிஃபயர்

ஆஸ்டமிப் பொருட்களில் பெரும்பாலானவற்றுக்கு மாடிஃபயர் தேவையில்லை. ஏ4450, ஏ4452, ஏ5120 மூன்றும் பல இடத்தில் பயன்படுவதால் எதற்காக என்று சொல்ல வேண்டும்: ஆஸ்டமிக்கு என்றால் ஏயூ. டேப் காயத்துக்கு என்றால் ஏடபிள்யூ. ஒரே நோயாளிக்கு ஸ்டோமாவும் காயமும் இருந்தால் ஒரே டேப் இரண்டு வரியாகப் பிரிந்து போகும்.

டிரெஸ்ஸிங்குக்கு ஏ1 முதல் ஏ9. அந்த எண், *அந்த டிரெஸ்ஸிங் போடப்படும் காயங்களின்* எண்ணிக்கை. நோயாளி உடம்பில் மொத்தம் எத்தனை காயம் என்பதல்ல. நான்கு காயம், ஆல்ஜினேட் இரண்டில் மட்டும் என்றால் ஆல்ஜினேட் வரியில் ஏ2. ஒன்பதும் அதற்கு மேலும் ஏ9. கவரேஜ் தகுதி இல்லாத காயத்துக்குப் போன டிரெஸ்ஸிங்குக்கு ஜிஒய். இரண்டில் ஒன்றாவது இல்லாமல் போன வரி விவரம் போதாது என்று திரும்பி வரும்.

ஜிஒய் என்பது சட்டத்திலேயே இடமில்லாதது. சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் எண்ணிக்கை அதிகமாக இருப்பதால் மெடிகேர் மறுக்கும் என்று முன்பே தெரிந்தால் அது வேறு வழக்கு: மெடிகேர் தராவிட்டால் பணம் தன் பொறுப்பு என்று நோயாளி ஒப்புக்கொள்ளும் ஏபிஎன் படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி, கூடுதல் யூனிட்டைத் தனி வரியில் ஜிஏ போட்டு அனுப்ப வேண்டும். ஏபிஎன் வாங்கவில்லை என்றால் ஜிஇசட். அந்தப் பணத்தை நோயாளியிடமும் கேட்க முடியாது.

இரண்டு கிளைம்களை உருவாக்கிப் பார்ப்போம்

கொலாஸ்டமி நோயாளி, வீட்டில் இருக்கிறார், இசட்93.3. இரண்டு துண்டு, சமத் தட்டு 4 × 4-க்குள், பூட்டில்லா ஃபில்டர் பை. மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார். வீட்டில் இருப்பவருக்கு மூன்று மாதப் பொருள் வரை ஒரே தடவையில் தரலாம். நர்சிங் ஹோம் என்றால் ஒரு மாதம்தான். மாதம் 10 மாற்றம், மூன்று மாதத்தில் 30.

ஏ4414 — 30
ஏ4425 — 30
ஏ4406 — 6, 2 அவுன்ஸ் ட்யூப் மூன்று
ஏ5120 ஏயூ — 50
ஏ4371 — 1

எல்லாம் வரம்புக்குள். இவரே தினமும் தட்டு மாற்றுகிறார் என்றால் மாதம் 30; வரம்பு 20. தோல் வெந்து தட்டு ஒட்டாமல் கசிவதாகக் குறிப்பில் இருந்தால் வாதாடலாம். குறிப்பில் ஒன்றுமில்லை, நோயாளி கேட்டார் அதனால் அனுப்பினோம் என்றால் மீதி 10-க்குப் பணம் இல்லை.

இரண்டாவது: சேக்ரத்தில் மூன்றாம் நிலைப் புண், எல்89.153, 5 × 4 செ.மீ., நடுத்தரக் கசிவு. வலது குதிகாலில் இன்னொரு மூன்றாம் நிலை, எல்89.613, 2 × 2 செ.மீ., அதுவும் நடுத்தரக் கசிவு. இரண்டிலும் டிப்ரைட்மென்ட் நடந்திருக்கிறது. முன்கையில் ஒரு தோல் கிழிசலும் உண்டு. சேக்ரம், குதிகால் இரண்டுக்கும் ஆல்ஜினேட், மேலே ஓர ஃபோம், வாரம் மூன்று மாற்றம். 30 நாளில் 13 மாற்றம் என்று வைத்தால் இரண்டு காயத்துக்கு 26.

ஏ6196 ஏ2 — 26
ஏ6212 ஏ2 — 26
ஏ6212 ஜிஒய் — கிழிசலுக்குப் போன ஃபோம், தனி வரி

காயம் மூன்று என்பதால் ஏ3 போட்டிருந்தால், தகுதியில்லாத கிழிசலைத் தகுதியுள்ளதாகச் சொன்னதாகிவிடும். டேப் வரி இல்லை, ஓரம் இருக்கிறது. டிரெஸ்ஸிங்கை ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து அனுப்புவதும் கூடாது, காயம் அதற்குள் மாறிவிடும் என்பதால்.

படி 8: ரீஃபில், டெலிவரி

தானாக அனுப்பும் ரீஃபில் மெடிகேரில் கிடையாது. 2024 ஜனவரி 1 முதல், கையிலிருக்கும் பொருள் தீரும் நாளுக்கு 30 நாள் முன்னதாகத் தொடங்கி நோயாளியைத் தொடர்புகொள்ளலாம். முன்பு இது 14 நாளாக இருந்தது. பொருள் போய்ச் சேருவது தீரும் நாளுக்கு 10 நாளுக்கு முன்னதாக இருக்கக் கூடாது. ஏப்ரல் 2 முதல் 90 நாளுக்கான பொருள் என்றால் ஜூன் 30-இல் தீரும். மே 31-க்கு முன் போன் கூடாது, ஜூன் 20-க்கு முன் பொருள் சேரக் கூடாது. "ஆமாம், வேண்டும்" என்ற நோயாளியின் பதில், யார் பேசினார், எந்தத் தேதி, எந்தெந்தப் பொருள் என்று பதிவாக இருக்க வேண்டும். வாய்ஸ்மெயில் விட்டோம், பதில் வராததால் அனுப்பினோம் என்பது பதிலாகாது.

கூரியரில் போனால் சேவைத் தேதியாக அனுப்பிய தேதியைப் போடலாம். நேரில் கொடுத்தால் கொடுத்த தேதி. கூரியர் ட்ராக்கிங் விவரமும் உள்ளே என்ன இருந்தது என்ற இன்வாய்ஸும் ஒன்றோடொன்று இணைய வேண்டும். ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும்.

படி 9: அனுப்புவது, திரும்பி வந்தால் பார்ப்பது

கிளைம் எந்த டிஎம்இ மேக்குக்கு, அதாவது மெடிகேருக்காகக் கிளைம் பார்க்கும் எந்த ஒப்பந்த நிறுவனத்துக்குப் போகும் என்பது சப்ளையரின் ஊரைப் பொறுத்ததல்ல, நோயாளியின் நிரந்தர முகவரியைப் பொறுத்தது. ஏ, டி மண்டலங்கள் நோரிடியன். பி, சி மண்டலங்கள் சிஜிஎஸ். ஆர்டர் கொடுத்த டாக்டர் மெடிகேரின் பதிவு அமைப்பான பீகாஸில் பதிவாகியிருக்க வேண்டும்; கிளைம் படிவத்தின் 17-ஆம் கட்டத்தில் டிகே, 17பி-யில் அவர் என்பிஐ. சேவைத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் கிளைம் சேர வேண்டும்.

திரும்பி வரும் கிளைமில் காரணம் ஒரு குறியாக இருக்கும். சிஓ-16 எம்ஏ130-உடன் வந்தால் கிளைம் உள்ளேயே நுழையவில்லை. மேல்முறையீட்டு உரிமை இல்லை. ஏ1 முதல் ஏ9-இல் ஒன்று, ஏயூ, டாக்டர் என்பிஐ எது விட்டுப்போனது என்று பார்த்துத் திருத்தித் திரும்ப அனுப்புங்கள். சிஓ-4 என்றால் மாடிஃபயர் பொருந்தவில்லை. டேப் வரியில் ஏடபிள்யூவும் ஏயூவும் இடம் மாறியிருக்கும். சிஓ-151 எண்ணிக்கை அதிகம். முதலில் உங்கள் யூனிட் கணக்கையே சந்தேகப்படுங்கள், பெட்டியை அவுன்ஸாக மாற்றும்போது நழுவியிருக்கும். எழுத்துப் பிழை மாதிரித் தவறுக்கு ஒரு வருஷத்துக்குள் ரீஓப்பனிங் கேட்கலாம், அப்பீல் வேண்டாம். சிஓ-50 மருத்துவத் தேவை இல்லை என்பது. இதைத் திருத்தித் திருத்தி மறுபடி அனுப்பினால் டூப்ளிகேட் டினயல்தான் குவியும். 120 நாளுக்குள் முதல் மேல்முறையீடான ரீடிடர்மினேஷன், அதிலும் தோற்றால் 180 நாளுக்குள் அடுத்த கட்டமான ரீகன்சிடரேஷன். இணைக்க வேண்டியது கவரிங் லெட்டர் அல்ல, அந்த மாதத்தின் காய அளவும் கசிவும் உள்ள நர்ஸ் குறிப்பு. கவரேஜ் இல்லை என்ற சிஓ-96 ஏ6250-க்கு வந்திருந்தால் அப்பீல் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் அப்படியே விட்டுவிடும் முன் ஒன்றைப் பாருங்கள்: அந்த நோயாளிக்கு ஸ்டோமா இருந்து, வைப் அதற்காகவே போயிருந்தால், அது முதலிலிருந்தே ஏ5120 ஏயூ-வாகப் போயிருக்க வேண்டியது.